சொன்ன வியாழக்கிழமை

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியின் ஆலோசனை அறையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அந்த அறைக்குப் பிள்ளைகள் தாமாக வருவது குறைவு. ஆசிரியர்கள் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். சீட்டில் பெயர், படிவம், வகுப்பு இருக்கும். அதற்குக் கீழே ஒரு சொல்: சோம்பேறி. முரடன். பொறுப்பில்லை. பொய் சொல்கிறாள். கட்டொழுங்கு ஆசிரியரிடம் போனால் பிரம்பு, என்னிடம் வந்தால் பேச்சு, இரண்டில் பேச்சுதான் அதிக நேரம் எடுக்கும் என்று பையன்கள் தங்களுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி மலேசியாவில் பதிவும் உரிமச் சான்றிதழும் இல்லாமல் யாரும் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தத் தகுதிக்காகப் படிக்கும்போது மனித வளர்ச்சி பற்றிய கோட்பாடுகள் எல்லாவற்றையும் கரைத்துக் குடிக்கவேண்டும். எரிக்சனின் எட்டுக் கட்டங்கள், ஸ்கின்னரின் புறாக்கள், பௌல்பியின் பற்றுறவு. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் எதிரே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பையனிடம் அதில் ஒரு வரியைக்கூடச் சொல்ல முடியாது.

கோட்பாடு எதற்குப் பயன்படும் என்பது வேலையில்தான் தெரிந்தது. சீட்டில் இருக்கும் அந்தச் சொல்லைக் கேள்வியாக மாற்ற அது உதவும். 'இந்தப் பிள்ளைக்கு என்ன கோளாறு' என்று ஆரம்பித்தால் பதில் அந்தச் சீட்டிலேயே முடிந்துவிடுகிறது. 'இந்தப் பிள்ளை தன்னைச் சுற்றி இருப்பவர்களிடம் எதை எதிர்பார்க்கப் பழகியிருக்கிறது' என்று கேட்டால் வீடு, வேலை, தெரு, பள்ளி எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. நான் படித்த நல்ல கோட்பாடுகள் எல்லாமே ஏதோ ஒரு வழியில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டிருக்கின்றன.

பெற்றோர் பட்டறைகளில் தவறாமல் காட்டப்படும் ஒரு காணொளி உண்டு. ஒரு குழந்தையின் முன்னால் மார்ஷ்மெல்லோ மிட்டாய் இருக்கும். உடனே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருக்கும் பிள்ளை வாழ்க்கையில் உருப்படும் என்று சொல்லிப் பட்டறையை முடிப்பார்கள். உளவியலாளர் வால்டர் மிஷல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இந்தச் சோதனைகளைச் செய்வதற்குமுன், 1950களில், டிரினிடாட் தீவில் ஒரு சோதனை செய்தார் என்பதைப் பட்டறைக்காரர்கள் சொல்வதில்லை. நம் முன்னோர்கள் மலாயாவுக்கு வந்ததைப்போல இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் வம்சாவளியினரும், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் பக்கம் பக்கமாக வாழ்ந்த ஊர் அது. 'அவர்கள் இன்றைக்குக் கிடைத்ததை இன்றைக்கே தின்று தீர்ப்பவர்கள்' என்று இந்தியர்கள் சொன்னார்கள். 'அவர்கள் வாழத் தெரியாமல் காசை மெத்தைக்கடியில் பூட்டி வைப்பவர்கள்' என்று மற்றவர்கள் சொன்னார்கள். பத்துமலையிலிருந்து பந்திங் வரை எந்தக் காப்பிக்கடையிலும் இன்றைக்கும் காதில் விழும் பேச்சு.

மிஷல் ஏழு முதல் ஒன்பது வயதுவரையான பிள்ளைகளிடம், இப்போது சின்ன மிட்டாய் வேண்டுமா, அடுத்த வாரம் பெரிய மிட்டாய் வேண்டுமா என்று கேட்டார். ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளில் உடனே கேட்டவர்கள் அதிகம்தான். ஆனால் அந்த வேற்றுமையோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது: தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளில்தான் உடனே வேண்டும் என்றவர்கள் அதிகம். அடுத்த வாரம் இந்த ஆள் மிட்டாயோடு திரும்பி வருவார் என்று நம்புவதற்கு, சொன்னபடி திரும்பி வந்த ஓர் ஆளையாவது பிள்ளை முன்பே பார்த்திருக்கவேண்டும் அல்லவா?

2013இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்டி கிட் என்பவரும் அவர் குழுவினரும் இதை நேராகவே சோதித்தார்கள். மிட்டாய்க்கு முன்னால், நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள், பாதிப் பேரிடம் 'இல்லை, தீர்ந்துவிட்டது' என்றார்கள். பிறகு அதே மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடப் பிள்ளைகளிடம் என்ன குறை கண்டுபிடிப்பது? வராத மிட்டாய்க்குக் காத்திருக்காதது புத்திசாலித்தனம்.

இதைப் படித்தபோது இரண்டாம் படிவத்துப் பையன் ஒருவன் நினைவுக்கு வந்தான். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கையில் ஐந்து வெள்ளி கொடுத்தால் ஓய்வு நேரம் முடிவதற்குள் கேன்டீனில் தீர்த்துவிடுவான். மாதக் கடைசியில் நண்பர்களிடம் கடன் வாங்குவான். சீட்டில் 'பொறுப்பில்லை' என்று இருந்தது. அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். டிரிப் கணக்கில் சம்பளம். சனிக்கிழமை சைக்கிள் வாங்கப் போவோம் என்பார். சனிக்கிழமை துறைமுக வாசலில் லோரி வரிசை நகராது. அப்பா வீட்டுக்கு வரும்போது கடை மூடியிருக்கும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் மகனுக்கு எட்டியதெல்லாம், நாளைக்கு என்று சொன்னது வராது, கையில் இருப்பதுதான் நிஜம் என்ற ஒரே பாடம்.

பையனுக்குச் சிக்கனத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவை வரச்சொன்னேன். "ஐயா, பெரிசா எதுவும் சொல்லாதீங்க. உங்க கையில இருக்கிறதை மட்டும் சொல்லுங்க" என்றேன். சைக்கிளை விட்டுவிட்டு, ஞாயிறு காலையில் கடையில் சேர்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுவது என்று முடிவானது. ஞாயிறு காலை அவருடைய கையில் இருந்த நேரம். எனக்கும் ஒரு விதி வைத்துக்கொண்டேன். 'பார்க்கலாம்', 'அப்புறம் வா' என்ற சொற்களை அந்த அறையில் பயன்படுத்துவதில்லை. 'வியாழக்கிழமை இரண்டாவது பாடவேளை' என்பேன், அந்த நேரத்தில் இருப்பேன். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் வந்துவிட்டால் புதன்கிழமையே வகுப்புக்குப் போய் அவனிடம் சொல்லி, வேறு நேரம் குறித்துவிட்டு வருவேன். சில மாதங்களுக்குப் பிறகு அவன் மூன்று வெள்ளியை என் மேசைமேல் வைத்து, "வச்சிருங்க டீச்சர், வெள்ளிக்கிழமை வாங்கிக்கிறேன்" என்றான். என் வேலையில் முன்னேற்றம் என்பது பெரும்பாலும் இந்த அளவில்தான் வரும்.

பிள்ளைகளுக்குச் சரியாக இருப்பது பெரியவர்களுக்கும், ஏன், ஒரு சமூகத்துக்கும் சரியாக இருக்கிறது. புத்ராஜெயா எழுந்திருக்கும் மண்ணில் முன்பு பெராங் பெசார் தோட்டம் இருந்தது. அங்கும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் பால்மரம் வெட்டிய குடும்பங்களை 1990களில் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். தரைவீடு தருவதாகச் சொல்லப்பட்ட வாக்குக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிய இடங்களில் எல்லாம் இதுபோன்ற கதை சின்னதாகவோ பெரிதாகவோ உண்டு. அப்படி வந்த தாய் ஒருவரிடம் மகனுக்கான உதவிநிதிப் பாரத்தை நீட்டினேன். "எழுதிக் கொடுத்தா என்ன டீச்சர் ஆவப்போவுது?" என்றார். நம்மவர்களுக்கு அக்கறையில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் மூன்று நிமிடக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளலாம். அந்தத் தாயோடு உட்கார்ந்து பாரத்தை நானே நிரப்பினேன். பதில் எந்தத் தேதிக்குள் வரும் என்று விசாரித்துச் சொன்னேன். பதில் வராத அன்று, வரவில்லை என்று சொல்லவும் கூப்பிட்டேன்.

வேலையில் எனக்குக் கைகொடுத்த இன்னொரு பெயர் யூரி பிரான்ஃபென்பிரன்னர். மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1979இல் வெளிவந்த நூலில், பிள்ளை ஒருநாளும் காலெடுத்து வைக்காத இடங்களும் அதன் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன என்றார். அம்மாவின் தொழிற்சாலை அப்படிப்பட்ட இடம். வகுப்பில் தூங்கிக்கொண்டே இருந்த ஒரு பையனின் சீட்டில் 'சோம்பேறி' என்று எழுதியிருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: உங்க வீட்டுல யார் எத்தனை மணிக்கு வருவாங்க, போவாங்க? "அம்மா ஷா ஆலம்ல நைட் ஷிப்டு டீச்சர். காலையில ஏழரைக்குத்தான் வருவாங்க. தங்கச்சி ராத்திரி எந்திரிச்சா நான்தான் பால் கலக்கிக் கொடுப்பேன்." பதினான்கு வயதில் இவ்வளவு உழைக்கிறவனைத்தான் நாங்கள் சோம்பேறி என்றோம். மருந்து அந்தப் பையனிடம் இல்லை. கீழ்மாடியில் இருந்த பாட்டி ஒருவர் தங்கச்சியைத் தன் வீட்டில் படுக்கவைத்துக்கொள்ளச் சம்மதித்தார். பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொடுத்தோம். அதைக் காட்டி அம்மா தேர்வு மாதங்களுக்கு மட்டும் பகல் ஷிப்டு கேட்டு வாங்கினார். பையனுக்கு அறிவுரை எதுவும் தேவைப்படவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் ஒருநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய அறையில் பெற்றோரைச் சந்திக்கிறேன். கே.எல். சென்ட்ரலுக்கு அருகில் என்பதால் ரவாங்கிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். கிள்ளானில் பதின்ம வயதுப் பிள்ளைகள், இங்கே பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் பெற்றோர். பத்தில் எட்டுப் பேச்சு கைப்பேசியைப் பற்றித்தான். "கேட்டுக் கேட்டு அழறான். முடியாம கடைசியில குடுத்துடறேன் டீச்சர்."

இங்கே ஸ்கின்னர் வருகிறார். புறாக்களையும் எலிகளையும் வைத்து அவர் கண்டறிந்த ஒன்று எந்த வீட்டுக்கும் பொருந்தும். ஒரு செயலுக்கு ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்து, பிறகு நின்றுபோனால், செயலும் சீக்கிரம் நின்றுவிடும். எப்போதாவது, எப்போது என்று தெரியாமல் பரிசு கிடைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கத்தை நிறுத்துவது மகா கடினம். இதை விளக்க எனக்குப் புறா தேவைப்படுவதில்லை. "வீட்டுல யாராவது நாலு நம்பர் எடுப்பாங்களா?" என்று கேட்பேன். அறையில் உடனே சிரிப்பு வரும். புதன், சனி, ஞாயிறு என்று குலுக்கல் நாள்களை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். மாமனார் ஏன் முப்பது வருடமாக நிறுத்தவில்லை? என்றைக்கோ ஒருநாள் விழுந்ததால்தான். அரைமணி நேரம் அழுதபின் கைப்பேசி கொடுக்கும் தாய், அரைமணி நேரம் அழுதால் விழும் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

ஆகவே கொடுப்பதென்றால் முதல் முறை கேட்டபோதே கொடுத்துவிடுங்கள், இல்லை என்றால் கடைசிவரை இல்லை என்பதுதான் நான் சொல்வது. அதோடு இரண்டு எச்சரிக்கைகள். முதல் சில நாள்களில் அழுகை குறையாது, கூடும். பிள்ளை முன்பு பலித்த வழியை இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே பெற்றோர் கைவிட்டுவிடுவார்கள், அப்புறம் நிலைமை முன்பைவிட மோசம். இரண்டாவது, வீட்டில் இருக்கும் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்கவேண்டும். ஒரு வீட்டில் அம்மாவும் அப்பாவும் உறுதியாக நின்றார்கள், அழுகை மட்டும் நிற்கவில்லை. விசாரித்தால், பாட்டி தன் கைப்பேசியைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய்ப் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பாட்டியையும் அழைத்துவரச் சொன்னேன்.

வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் இன்னொரு கவலை இருக்கிறது. பிள்ளையை நாளெல்லாம் வேறொருவரிடம் விடுகிறேனே, பாசம் போய்விடாதா? ஜான் பௌல்பி 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, தாய்ப் பிரிவைப் பற்றி உலகமெங்கும் இந்தப் பயத்தைக் கொண்டுபோனது. அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த் உகாண்டா கிராமங்களுக்குப் போய்த் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் மாதக்கணக்கில் கவனித்து 1967இல் நூலாக எழுதினார். அங்கே பிள்ளையைப் பலர் தூக்கி வளர்த்தார்கள். பல கைகள் வளர்த்தும் குழந்தைகளால் தாயிடம் உறுதியாகப் பற்றுக்கொள்ள முடிந்தது. தாய் எவ்வளவு கூர்மையாகக் குழந்தையைக் கவனிக்கிறாள் என்பதுதான் அவர் கண்ணில் பட்டது.

எனக்கு இதைச் சொல்ல உகாண்டாகூட வேண்டாம். கோலலங்காட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவேண்டும். என்னைப்போன்ற குழந்தைகள் எல்லாரும் ஆயாக்கொட்டகையில். வரிசையாகத் தொட்டில்கள், ஒரே ஒரு ஆயா. பால் நிறுத்துவிட்டு அம்மா வரும்போது வாளியைக் கீழே வைத்துவிட்டு முதலில் என்னைத்தான் தூக்குவார் என்று பெரியம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படித்தான் ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஆகவே தாய்மாரிடம் மணிக்கணக்கு கேட்பதில்லை. ராத்திரி பயந்து எழுந்தால் பிள்ளை யாரைக் கூப்பிடுகிறது, அந்த ஆள் வருகிறாரா, வேலையிலிருந்து வந்ததும் முதல் பத்து நிமிடம் யாருக்கு, பிள்ளைக்கா, கைப்பேசிக்கா என்றுதான் கேட்கிறேன்.

கிள்ளானில் என்னை அதிகம் உலுக்கியவை எண்கள். 2013இல் உள்துறை அமைச்சு சட்டவிரோதக் கும்பல்கள் என்று 49 பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 04, 08, 36 என்ற எண்கள் அதில் இருந்தன. அந்தப் பட்டியலுக்கு வெகுமுன்பே அவற்றை நான் மேசைப் பலகைகளிலும் புத்தகப் பையின் உள்பக்கத்திலும் பார்த்துவிட்டேன். பதின்மூன்று வயதில் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் உலகம் முழுதாகத் தெரியாது. எண் மட்டும் தெரியும்.

எரிக் எரிக்சனின் கட்டங்கள் இங்கேதான் எனக்கு உயிர் பெற்றன. பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை அறியாதவர் அவர். வளர்ப்புத் தந்தையின் பெயரால் ஹோம்பர்கர் என்று இருந்தவர் 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். பள்ளி வயதில் பிள்ளைக்கு 'என்னால் முடியும்' என்ற திடம் வேண்டும், பதின்ம வயதில் 'நான் இன்னார்' என்ற பதில் வேண்டும் என்றார். நல்ல பதில் கிடைக்காதபோது, யாருமில்லாமல் இருப்பதைவிடக் கெட்டவனாகவாவது இருந்துவிடலாம் என்று இளைஞன் தேர்ந்தெடுப்பான் என்பதையும் அவர்தான் எழுதினார். தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் போட்டியில் பரிசு வாங்கி, வகுப்புத் தலைவனாக இருந்த பையன், மலாய்மொழித் தேர்ச்சி போதாமல் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்கிறான். கூடப் படித்த சிலர் அடுத்த கட்டடத்தில் முதல் படிவம். பிறகு மலாய்மொழியில் பாடம். கை தூக்க வெட்கம். கடைசி வரிசை. அந்த வரிசைக்குப் பின்னால், பள்ளி வேலிக்கு வெளியே, மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஒரு அண்ணன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான்.

கும்பலின் பெயரைச் சொல்லி நான் எந்தப் பையனையும் மிரட்டியதில்லை. "உன்னைப் பேர் சொல்லி எங்கெல்லாம் கூப்பிடறாங்க?" என்று கேட்பேன். ஒருவன் யோசித்து, "உறுமி செட்டுல டீச்சர்" என்றான். கோவில் திருவிழாக்களுக்கு உறுமி மேளம் அடிக்கும் குழு. ஆசிரியர் அறையில் அந்தக் குழுக்களைப் பற்றி நல்ல பேச்சு கிடையாது. ஆனாலும் அந்தப் பையன் சரியான நேரத்துக்குப் போய், மூத்தவர் சொல் கேட்டு, மணிக்கணக்கில் பழகிக் கற்கும் ஒரே இடம் அதுவாக இருந்தது. தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளியின் தீபாவளிக் கொண்டாட்டத்தில் அவர்கள் வாசிக்க அனுமதி வாங்கினேன். நிபந்தனையாக, முதல் படிவத்தினருக்கு அவன் தாளம் சொல்லித் தரவேண்டும். நிகழ்ச்சியை மலாய்மொழியில் அறிவிக்கவேண்டியிருந்தது. அந்த நான்கு வரியை அவன் எழுதி, திருத்தி, மனப்பாடம் செய்த நாள்களில் கற்ற மலாய், வகுப்பில் கற்றதைவிட அதிகம். எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. வேலிக்கு அப்பால் போனவர்களும் உண்டு. சிலர் பள்ளியைவிட்டபின் 2011இல் தொடங்கப்பட்ட மைஸ்கில்ஸ் அறவாரியம் போன்ற இடங்களில் கைத்தொழில் கற்று நிமிர்ந்தார்கள். சிலரைப் பற்றி அவர்கள் தாயாரைச் சந்தையில் பார்க்கும்போதும் நான் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

கோட்பாட்டால் வாடகை கட்ட முடியாது. ஷிப்டு நேரத்தை எல்லா முதலாளியிடமும் மாற்ற முடியாது. அதோடு இப்போது புதிதாக ஒரு தொல்லை. முன்பு ஆசிரியர்கள் சீட்டில் எழுதிய சொற்களின் இடத்தில், கைப்பேசியில் பார்த்துக் கற்ற சொற்களோடு பெற்றோரே வருகிறார்கள். "இவனுக்கு ஏடிஎச்டி டீச்சர்." "என் மாமியார் நார்சிசிஸ்ட்." "எனக்குச் சின்ன வயசு டிராமா." சில சமயம் உண்மையாகவே மருத்துவரிடம் அனுப்பவேண்டியிருக்கும், அனுப்புகிறேன். அதை முடிவுசெய்வது மருத்துவரின் வேலை. ஆனால் பலமுறை அந்தச் சொல் வந்ததும் விசாரணை நின்றுபோகிறது. 'சோம்பேறி' செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது, கொஞ்சம் படித்த தோரணையில்.

பல்கலைக்கழகங்களிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்கள் என் அருகில் உட்கார்ந்து பார்ப்பதுண்டு. அவர்களுடைய அறிக்கைப் பாரத்தில் 'பயன்படுத்திய கோட்பாடு' என்று ஒரு பத்தி இருக்கிறது. அதை நிரப்பத்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். அதைக் கடைசியில் எழுதச் சொல்கிறேன். முதலில் தனித்தாளில் மூன்று விவரங்கள்: இந்த வாரம் இந்தப் பிள்ளைக்கு யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள், அது நடந்ததா, அடுத்த சந்திப்புக்கு நீங்கள் என்ன நாள், என்ன மணி சொன்னீர்கள். மூன்றாவதை எழுத முடியாதவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பி, பிள்ளையிடம் ஒரு நாளைச் சொல்லிவிட்டு வரச் சொல்வேன். சொன்ன நாளில் அவர்கள் வந்து உட்கார்ந்தபிறகு எரிக்சனைப் பற்றிப் பேச எங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது.